நார்வேயில் ஒரு கரும்பு லாரி

ஜெயசீலி: மேல பெருக்கல் குறி இருக்கு பாரு, அதத் தொடு. அதில்லடா... அது தைலம் வாங்குற பட்டன்!

கலைவேந்தன்: கை பட்டுடுச்சி. இப்ப மூட்டு வலி போயி ஃப்ரிட்ஜு வந்துடுச்சி.

ஜெயசீலி: மூணு பாராவுக்கு ஒரு விளம்பரம். கதையில கெழவன் பனியில வெறச்சி சாவுறான்... அதுக்குக் கீழ 'குளிர்ச்சியை வீட்டுக்கே கொண்டு வாருங்கள்'!

கலைவேந்தன்: மெதுவா சிரிடி. டீக்கடையே நம்மளப் பாக்குது.

ஜெயசீலி: பாக்கட்டும். நாம காலேஜு படிக்கச் சொல்ல எவ்ளோ சுத்தமா இருந்துச்சி இந்த பிளாக்கு... வெள்ளையா, ஓரத்துல ஒரு எறகு படம்.

கலைவேந்தன்: ம்... வில்லியனூர் நெட் சென்டர்ல உக்காந்து ஏத்துவன். நீ பின்னாடி நின்னுகினு ஒற்றுப்பிழை பாப்ப.

ஜெயசீலி: மண்ணாடிப்பட்டு டவுன் பஸ்ஸு ஹாரன் அடிக்கும். பப்ளிஷ அமுக்கிட்டு நீ ஒரே ஓட்டம்.

கலைவேந்தன்: வூட்டுக்கு வந்து... எவனாவது படிச்சிருப்பானான்னு நெனச்சிகினே கெடப்பன்.

ஜெயசீலி: சரி, போன் நம்பரப் போடு. இன்னைக்கி ஆறு மணியோட பழைய பாஸ்வேர்டு செல்லாது. ஓடிபி போடாத பிளாக்கெல்லாம் அழிச்சிடுவாங்களாம். அதுக்குத்தான் வில்லியனூர்லேர்ந்து பஸ்ஸேறி வந்தன்.

கலைவேந்தன்: அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போவுது.

ஜெயசீலி: இன்னாது? நீ மொழிபெயர்த்த முப்பத்தோரு நார்வே கதடா!

கலைவேந்தன்: நம்பரப் போட்டா புனைபேரு போயிடும். எல்லாக் கதைக்கும் கீழ சொந்தப் பேரு வருமாம்.

ஜெயசீலி: வரட்டுமே. 'தமிழில்: கலைவேந்தன்'. நல்லாத்தான இருக்கு?

கலைவேந்தன்: 'தமிழில்'னு வராது. 'எழுதியவர்'னு வரும்.

ஜெயசீலி: நார்வேல கரும்பு லாரி ஓடுமா வேந்தா?

கலைவேந்தன்: எ... எந்தக் கதையில?

ஜெயசீலி: ஒம்பதாவது. பனி கொட்டுது, ஒரு பொண்ணு சர்ச்சுக்கு நடந்து போறா. எதுக்க கரும்பு லாரி. பின்னாலயே ரெண்டு பசங்க ஓடி, ஆளுக்கொரு கரும்ப உருவுறானுங்க.

கலைவேந்தன்: ஐயய்யோ... எடுக்க மறந்துட்டனா?

ஜெயசீலி: உங்க நார்வே எழுத்தாளரு... இன்னா பேரு, யோர்ன் வால்ஸ்டா... வைக்கப்போர் வேற போடுறாருடா!

கலைவேந்தன்: தெரிஞ்சேதான் ஒற்றுப்பிழை பாத்தியா?

ஜெயசீலி: மொதக் கதையிலயே தெரியும். நீயா சொல்லுவன்னு இருந்தன்.

கலைவேந்தன்: அப்படி ஒரு ஆளே கெடையாது சீலி. மண்ணாடிப்பட்டுப் பையன் எழுதுனதுன்னு போட்டா எவன் படிப்பான்? நார்வேக்காரன்னு போட்டன்... படிச்சாங்க.

ஜெயசீலி: அப்பறம் ஏன்டா வுட்டுட்ட? நல்லா எழுதிகினு இருந்தவன்...

கலைவேந்தன்: மார்த்தான்னு ஒருத்தி. கடைசிக் கதைக்குக் கீழ கமெண்ட்டு போட்டிருந்தா. 'நார்வேயில் வசிக்கிறேன். இந்த நூல் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. உண்மையில் எழுதியது யார்?'னு. அன்னையிலேர்ந்து ஒரு வரி எழுதல. பன்னெண்டு வருஷம் ஆவுது.

ஜெயசீலி: அதனாலயா...? அந்த ஒரு கமெண்ட்டாலயா?

கலைவேந்தன்: வேற எதனால? இப்ப என் பேரு வந்தா, அவ திரும்ப வந்து கேப்பா. மானம் போயிடும்.

ஜெயசீலி: கேக்க மாட்டா.

கலைவேந்தன்: உனக்கெப்படித் தெரியும்?

ஜெயசீலி: மொதல்ல நம்பரப் போடு. மணி அஞ்சே முக்கா.

கலைவேந்தன்: மொதல்ல நீ சொல்லு.

ஜெயசீலி: போடு, சொல்றன். சத்தியமா.

கலைவேந்தன்: ...வந்துடுச்சி ஓடிபி. நாலு, ஏழு, பூஜ்யம்... இந்தா, முப்பத்தொண்ணுலயும் என் பேரு. போதுமா? இப்ப சொல்லு.

ஜெயசீலி: அன்னைக்கி நீ பஸ்ஸு புடிக்க ஓடுன பிறகு, அதே நெட் சென்டர்ல, நீ எழுந்த சூடு ஆறாத நாற்காலியில உக்காந்து... நான்தான்டா மார்த்தான்னு பேரு போட்டு அந்தக் கமெண்ட்ட எழுதுனன். யாருன்னு கேட்டா, 'நான்தான்'னு ஒரு வார்த்த சொல்லுவன்னு நெனச்சன்... நீ எழுதுறதயே நிறுத்துவன்னு எனக்குத் தெரியாதுடா.