சிவப்பு ராம்பர், ஒரு பீஸ் குறைவு

என் பெயர் பசீர் அகமது, தகப்பனார் பெயர் முபாஷிர், காலமாகிவிட்டார். வயது ஐம்பத்தெட்டு. நாற்பத்தைந்து என்று எழுதச் சொன்னேன். ஏட்டு தமிழ்செல்வன் அவர்கள் ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டார். திருப்பூர் காங்கயம் ரோட்டில் என் மனைவி காத்தூன் பீவியுடன் குடியிருந்து வருகிறேன். பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழித்த துணியை, அதாவது கட்டிங் வேஸ்ட்டை, எடுத்து விற்பது என் தொழில். நான் ஒரு வாரம் படுத்துவிட்டால் திருப்பூர் துணிக்குள் மூழ்கிவிடும் என்பதையும் இதில் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன். ஏட்டு அவர்கள் சேர்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதை இந்த நிலையத்தில் இருக்கும் ஒருவரும், லாக்கப்பில் இருப்பவர் உட்பட, நம்பப்போவதில்லை என்று அல்லாஹ் அறிய உறுதி கூறி ஆரம்பிக்கிறேன்.

மெஹ்ஜபின் என்பவள் என் அக்கா மகள். நெருப்பெரிச்சலில் கைக்குழந்தைகளுக்கு ராம்பர் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ராம்பர் என்றால் சட்டையும் டவுசரும் ஒன்றாக ஒட்டிப் பிறந்த உடுப்பு. மெர்ச்சண்டைசர் என்றால் வெளிநாட்டுப் பையர், அதாவது சரக்கு வாங்குபவர், தூக்கத்தில் முனகினாலும் இங்கிருந்து பதில் மெயில் போடுகிற ஆள். நாலு வருஷத்துக்கு முன்பு அவள் ஒரு சிவப்புத் துணியை நிறம் சரிபார்க்கும் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து, வெளிறியிருக்கிறது, மறுபடி சாயம் போடுங்கள் என்று திருப்பி அனுப்பினாள். மறுபடி போட்டது வந்தது, அதுவும் வெளிறல் என்றாள். மூன்றாவது முறை சாயப்பட்டறைக்காரர் தன் ரத்தத்தையே கலந்து அனுப்பினார் என்று கேள்வி. அதன் பிறகு அவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மறு கண்ணை மூடிப் பார்த்து, வெளிறியது துணி அல்ல, தன் இடது கண் என்று தெரிந்துகொண்டாள்.

கண் சில வாரத்தில் தெளிந்தது. அதன் பிறகு அடுத்த வருஷம் வலது கால் மரத்தது, அதுவும் சரியானது, அதன் பிறகு கை. கோயமுத்தூர் டாக்டர் அம்மா ஸ்கேன் எடுத்து மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், வந்துபோகிற ரகம் என்றார். நரம்பு என்பது மேலே உறை சுற்றிய நூல் மாதிரி, உடம்பில் காவல் இருக்கிற படையே ஆள் தெரியாமல் அந்த உறையைக் கடிக்கிறது என்று அவர் விளக்கினார். காவல்துறையை நான் ஏதும் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் தொடையில் இடம் மாற்றி மாற்றி ஊசி போட்டுக்கொண்டாள். ஊசி நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காரச் சொல்ல மாட்டோம், நின்றபடியே பிரியாணி சாப்பிடுவாள். அதன் பிறகு டாக்டர் அம்மா மாத்திரைக்கு மாற்றினார். இந்த மாத்திரை தினம் விழுங்குவது அல்ல. ஒரு வருஷத்தில் சில நாட்கள், அடுத்த வருஷத்தில் சில நாட்கள், நடுவில் ரத்தப் பரிசோதனை, அத்தோடு நிறுத்தம். ஈரக் கையால் தொடக்கூடாது, உடைக்கக்கூடாது, மற்றவர் தொடக்கூடாது, விழுங்கியதும் கை கழுவ வேண்டும். நோய் தீர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லவில்லை, திரும்பத் திரும்ப வருவது குறையும் என்றுதான் சொன்னார். உறவுக்காரர்களிடம் நான் சொன்னது வேறு. அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை. மெஹ்ஜபின் டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்வி. அவள் கணவர் ஆதிப் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி மாத்திரைக்குப் பிறகு ஆறு மாதம் போகட்டும், அப்புறம் பிள்ளையைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டர் அம்மா சொன்னார். ஆதிப் திரும்பி வரும் வழியெல்லாம் விசில் அடித்தார்.

இந்த வாரம் அந்தக் கடைசி மாத்திரைகளின் வாரம். ஷிப்மெண்ட் நெருக்கடியில் வீடு திரும்ப நேரமாவதால், மத்தியானம் கம்பெனியிலேயே விழுங்குவாள். கம்பெனியில் ஒருவருக்கும் அவள் நோயைப் பற்றிச் சொன்னதில்லை. மாத்திரைப் பெட்டியைத் தன் மேஜைத் தட்டில் வைப்பாள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பேக்கிங் செக்‌ஷனில் ஒரு பொருள் பாலித்தீன் கவரில் இருந்து மேலே பையரின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது கார்ட்டனுக்கு, அதாவது ஏற்றுமதி அட்டைப்பெட்டிக்கு, போகும். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் அது வேஸ்ட், அதாவது எனக்குச் சொந்தம். என் ஆட்கள் இந்த விஷயத்தில் மிகவும் நேர்மையானவர்கள். போன வருஷம் அவளுடைய குடை, செருப்பு, பாதி சாப்பிட்ட டிபன் எல்லாவற்றையும் ஸ்டிக்கர் இல்லை என்று மூட்டை கட்டிவிட்டார்கள். அதற்குப் பயந்துதான் மெஹ்ஜபின் மாத்திரைப் பெட்டியைக் கவரில் போட்டு, சிவப்பு ராம்பர், பிறந்த குழந்தை சைஸ் என்ற ஸ்டிக்கரை மேலே ஒட்டி வைத்தாள். என்னிடமிருந்து பெட்டி தப்பித்தது, பேக்கிங்காரர்களிடமிருந்து தப்பவில்லை.

இன்று மத்தியானம் தட்டு காலியாக இருந்தது. ஷிப்மெண்ட் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது. நான் அதே கம்பெனி வாசலில் என் குட்டியானை வண்டியில் சிவப்பு வேஸ்ட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். பேக்கிங் இன்சார்ஜ் சுரேந்தரிடம் அவள் லாரியை நிறுத்தச் சொல்லிக் கேட்பதைப் பார்த்தேன். என்ன சாமான் என்று அவர் கேட்டார். அவள் சொல்லவில்லை.

"டேப் ஒட்டியாச்சுன்னா அது வெளிநாடுங்க்கா. நான் தொட்டா எங்கிட்ட பாஸ்போர்ட் கேப்பாங்க" என்றார் சுரேந்தர்.

அப்படியும் மனது கேட்காமல் டிரைவர் ராக்கையாவுக்குப் போன் போட்டார். அந்தப் போன் பேக்கிங் மேஜைக்கு அடியில் சார்ஜ் ஏறியபடி மணி அடித்தது.

அதன் பிறகு மெஹ்ஜபின் என்னிடம் வந்து காதோடு விஷயத்தைச் சொன்னாள். மருந்து மறுபடி வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும், நடுவில் விட்டால் டாக்டர் என்ன சொல்வாரோ தெரியாது என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கையில் வைத்திருந்த ஸ்டிக்கர் ரோலை மட்டும் பிரித்துப் பிரித்துத் தன் முழங்கை வரை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். டவுனுக்குள் சிக்னல்கள் என்னைப் பார்த்துத் தாமாகவே பச்சையாயின. பல்லடம் தாண்டும்போது முன்சக்கரம் தரையில் இருந்ததா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. வலதுபுறம் ஒரு காகம் எனக்கு இணையாகப் பறந்து, தோற்று, கல்லில் உட்கார்ந்துவிட்டது.

"மாமு, மெதுவாப் போங்க. மாத்திரை கெடச்சு நாம கெடைக்காமப் போயிரப் போறோம்" என்றாள்.

"கண்ணு, இது வண்டியே இல்ல. உங்க மாமு கோபம். சக்கரம் வெச்சிருக்கேன், அவ்வளவுதான்."

அவள் சிரித்தாள். அதன் பிறகுதான் கையிலிருந்த ஸ்டிக்கர்களை உரிக்க ஆரம்பித்தாள்.

பொங்கலூருக்குச் சற்று அப்பால் லாரியைத் தாண்டி முன்னால் போனோம். அந்தச் சமயத்தில் என் வண்டியின் பின்கதவுக் கயிறு தானாகவே அவிழ்ந்தது. நான் இழுத்து அவிழ்த்ததாக, ரோட்டில் போன ஒருவர் போனில் கொடுத்த புகாரில் உள்ளது. ஓட்டிக்கொண்டே பின்கதவை அவிழ்க்க எனக்கு ஆறு அடி நீளக் கை வேண்டும்; ஏட்டு அவர்கள் அளந்து பார்க்கலாம். வேஸ்ட் மூட்டைகள் ரோட்டில் விழுந்து வெடித்தன. ஆடிக் காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. ரோடு முழுக்கச் சிவப்பு. தென்னை மரங்கள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டன. ஒரு எருமை அரைக்கை பனியனோடு மேய்ந்தது. தூரத்தில் இருந்த காற்றாலை ஒன்று சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு வெட்கத்தில் நின்றேவிட்டது. இவ்விடத்தில் ஏட்டு அவர்கள் பேனாவைக் கீழே வைத்து, "பாய், ரோட்டுக்கு வாங்க" என்றார். ரோட்டுக்கு வருகிறேன்.

லாரி நின்றது. ராக்கையா முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், பெரிய மீசை. இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"ஏன் பெருசு, நடுரோட்டுல சமுக்காளம் விரிச்சிருக்கீக, மொய் எழுதணுமா?"

அவருடைய போன் பேக்கிங் மேஜைக்கு அடியில் கிடக்கிறது என்று சொன்னேன். அவர் சட்டைப்பை, டவுசர்ப்பை, மீசை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். "அப்ப எம்பொண்டாட்டி போன் அடிச்சிருப்பாளே" என்று முகம் வெளுத்தார். அதன் பிறகு என் போனில் அவளோடு பேசி முடித்து, கெஞ்சி முடித்து, நன்றிக் கடனாகத் தார்ப்பாயைத் தானே அவிழ்த்துவிட்டார்.

சிவப்பு, பிறந்த குழந்தை சைஸ் என்று எழுதிய கார்ட்டன்கள் பல இருந்தன. எல்லாவற்றையும் பிரித்தால் கம்பெனி எங்களைப் பிரித்துவிடும். ராம்பர் சத்தம் போடாது, மாத்திரைப் பெட்டி போடும் என்றாள் மெஹ்ஜபின். ஆகவே ஒவ்வொரு கார்ட்டனையும் தூக்கிக் காதருகில் ஆட்டிப் பார்க்க ஆரம்பித்தோம். நின்று வேடிக்கை பார்த்தவர்களும் ஆட்டினார்கள். நஞ்சப்பன் என்ற தேங்காய் வியாபாரி மொபெட்டை நிறுத்திவிட்டு வந்து, ஒரு கார்ட்டனை ஆட்டி, விரலால் இரண்டு சுண்டு சுண்டி, "இது நல்லா முத்துனதுங்க பாய், எடுத்துக்கலாம்" என்றார். அதில் எந்தச் சத்தமும் இல்லை. தேங்காய் ஆட்டி ஆட்டி அவர் காதுக்குள்தான் நிரந்தரமாக ஒரு சத்தம் இருந்தது. கடைசியில் மெஹ்ஜபின் ஒரு கார்ட்டனை மார்போடு அணைத்து மெல்லச் சாய்த்தாள். உள்ளே கலகலவென்றது. டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.

பெட்டி மேலேயே இருந்தது.

அந்தச் சமயத்தில் சப்-இன்ஸ்பெக்டர் விஜயகுமாரி அம்மா ஏட்டு அவர்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னாலேயே சுரேந்தரும் ராக்கையாவின் போனோடு மோட்டார் பைக்கில் வந்து கூட்டத்துக்குள் நுழைந்தார். இது என்ன பெட்டி, கடத்தலா என்று அம்மா கேட்டார். நான் ஒரு அருமையான பதில் வைத்திருந்தேன். மெஹ்ஜபின் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ற மாத்திரைங்க மேடம். நரம்புல நோவு, நாலு வருசமா இருக்குதுங்க. இன்னைக்கு இதை முழுங்கோணும்."

சுரேந்தர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இதை அங்கயே சொல்லீருந்தா நானே பிரிச்சிருப்பனேங்க்கா."

"பாஸ்போர்ட் கேட்டிருப்பீங்க" என்றாள் அவள்.

"மொதல்ல மாத்திரையப் போடும்மா, கேசு எங்கயும் ஓடிறாது" என்றார் அம்மா. பிறகு கூட்டத்தைப் பார்த்து, ஒரு பெண்பிள்ளை மாத்திரை விழுங்குவதில் என்ன வேடிக்கை என்று அதட்டினார். எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பினார்கள், நஞ்சப்பன், ராக்கையா, சுரேந்தர், ஏட்டு அவர்கள் உட்பட. அம்மாவும் திரும்பிக்கொண்டார்.

அவள் கைகள் வேர்த்திருந்தன. பொங்கலூர்க் காற்று இறங்கி வந்து இரண்டு கையையும் துடைத்துவிட்டது. அவள் மாத்திரையை விழுங்கினாள். ராக்கையாவின் தண்ணீர்க் கேனில் கை கழுவினாள்.

அதன் பிறகு சுரேந்தர் கார்ட்டனை எண்ணி, மாத்திரைப் பெட்டியைக் கணக்கில் விட்டும் ஒரு பீஸ் குறைகிறது என்றார். மறுபடி எண்ணினார், அப்போதும் குறைந்தது. அவர் நல்ல மனிதர், நோயைக் கேட்டுக் கண் கலங்கியவர்தான். ஆனாலும் பையருக்குப் பதில் சொல்ல வேண்டும், ஒரு பீஸ் எங்கே என்பதற்குப் போலீஸ் காகிதம் ஒன்று வேண்டும் என்றார். அதற்காகத்தான் இந்த வாக்குமூலம். அந்தப் பீஸ் எங்கே போனது என்று அம்மா என்னிடம் கேட்டதற்கு, காற்றாலை போட்டுக்கொண்டிருக்கிறது என்றேன். காற்றாலைக்குப் பிறந்த குழந்தை சைஸ் பத்தாது என்றார். எருமை என்றேன். ஏற்கெனவே அது பனியன் போட்டிருக்கிறதே என்று ஏட்டு அவர்கள் முந்தைய பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

மேலே நான் சொன்னவற்றில் காகத்தையும் சிக்னலையும் எருமையையும் ஏட்டு அவர்கள் தாராளமாக அடித்துவிடலாம். கயிறு தானாக அவிழ்ந்ததையும் அடிக்கலாம். புறப்படும்போதே நான்தான் முடிச்சைத் தளர்த்தி, நுனியை என் சீட்டுக்குக் கொண்டுவந்தேன். காற்று வந்து கை துடைக்கவில்லை. என் துண்டு வேஸ்ட் தூசியில் கிடந்தது. அதனால் பிரித்த கார்ட்டனிலிருந்து ஒரு ராம்பரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதில் கை துடைத்து, மாத்திரை விழுங்கி, கை கழுவிய பிறகு, அந்த ராம்பரை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மறு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"ரெண்டுலயும் ஒரே செவப்புங்க மாமு" என்றாள்.

கை துடைத்த பீஸ் வெளிநாடு போகாது. மடித்து என் ஜிப்பாப் பையில் வைத்தேன், இப்போதும் அங்கேயே இருக்கிறது. இந்த ஒரு பீஸ் விஷயம் மட்டும் முழு உண்மை. அதைச் சான்றுப் பொருளாக ஒப்படைக்கும்படி கேட்டால் ஒப்படைக்க மாட்டேன். அதை ஈரம் பண்ண வேண்டிய ஆள் வந்து ஈரம் பண்ணிய பிறகு, துவைக்காமலே கொண்டுவந்து ஆஜர்படுத்துகிறேன்.

வாசிக்கக் கேட்டேன். என் வார்த்தைதான். கையெழுத்து என்னுடையது.

பசீர் அகமது