துணி பட்ட மேற்பரப்பு

— டாக்டரம்மா, அதைத் துடைக்காதீங்க! திட்டுத் திட்டா இருந்தா இருந்துட்டுப் போகுது. அப்படியே மெஷின் முனைக்கடியில வைங்க.

— இன்னும் டாக்டர் ஆகலண்ணே. நாளைக்கு பிஎச்.டி. வைவா முடிஞ்சாத்தான். மூணு வருஷமா கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட கை, இன்னைக்கு இப்படி ஒரு உலோகத் துண்டைக் கொண்டு வந்திருக்கே?

— வைங்க, சொல்றேன்.

— வெச்சாச்சு. வைர முனை இறங்குது. இந்த உலோகம் எடுத்த எடுப்பிலேயே அமுங்க ஆரம்பிச்சிரும், திடீர்னு குழியாது. என் தீசிஸே அதுதானே.

— திரையில கோட்டைப் பாருங்க.

— பாத்துட்டுத்தான்... இருங்க. பழைய துண்டெல்லாம் இந்த அழுத்தத்துக்கு எப்பவோ குழிஞ்சிரும். இது அசைஞ்சு கொடுக்கவே மாட்டேங்குது... அய்யய்யோ! டபக்குனு இருபது நானோமீட்டர் இறங்கிடுச்சு! வேற இடத்துல இறக்கினாலும் குதிக்குதே. என்னண்ணே பண்ணீங்க?

— கடைசியில ஒண்ணும் பண்ணல. அதான் விஷயம். அமிலத்துல கரண்ட் விட்டு மேல்தோலைக் கரைச்சா, துண்டு இப்படித் திட்டாத்தான் வரும். இதை நீட்ட எனக்குக் கை கூசும். அதனால எப்பவும் கடைசியா பாலிஷ் பசை தொட்ட துணியால லேசா ஒரு தேய் தேய்ச்சுத்தான் உங்ககிட்ட கொடுப்பேன்.

— எல்லாத்தையுமா?

— நாப்பதையும்.

— அண்ணே! தேய்ச்சாலே மேல் அடுக்குல அணுவெல்லாம் வரிசை கலைஞ்சு, தொட்டதுமே அமுங்க ஆரம்பிச்சிருமே! மூணு வருஷமா நான் அளந்தது உலோகத்தை இல்ல, உங்க துணியை!

— நீங்க ஒத்திகை பாத்தப்போ வாசல்ல நின்னேன். 'எதுவும் தொடாத மேற்பரப்பு'ன்னீங்க. தூக்கிவாரிப் போட்டுச்சு.

— அது மூணு வாரம் முன்னாடி! இத்தனை நாளா வாயைத் திறக்கல?

— திட்டுங்க, வாங்கிக்கறேன்.

— நாளைக்கு நான் இதைச் சொல்லலைன்னா யாருக்காவது தெரியுமா?

— தெரியாது. நானும் மூச்சு விட மாட்டேன்.

— எனக்குத் தெரியுமே. போனைக் கொடுங்க, வைவாவைத் தள்ளிப் போடச் சொல்றேன்.

— வீட்டுல விருந்துக்கு ஆள் சொல்லியாச்சுன்னீங்களே?

— வந்தவங்க நல்லா சாப்பிட்டுட்டுப் போகட்டும். எனக்கு அழுகையா வருது, அது பாட்டுக்கு வரட்டும். நாப்பதையும் முதல்லேருந்து அளக்கத்தான் போறேன். துண்டு தயார் பண்ண எத்தனை மாசம்ணே ஆகும்?

— உங்களுக்குப் பின்னாடி இருக்கற அலமாரியைத் திறங்க. வெறுங்கையோட வந்து தப்பைச் சொல்ல மனசு வரல. நாப்பதாவது புதுத் துண்டு இன்னைக்குக் காலையிலதான் முடிஞ்சுது. ஒண்ணுல கூட துணி படலம்மா.