சுருங்காத பந்து

ஊசி போடுவதில் எனக்குக் கைராசி என்று வார்டில் எல்லோரும் சொல்வார்கள். மற்ற நர்சுகளிடம் திமிறுகிறவர்கள்கூட என்னிடம் கையை நீட்டிவிடுவார்கள்.

விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் கேட்பது அந்தப் பந்தைப் பற்றி. சொல்கிறேன். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்ததும் தையலுக்கு அடியில் மெல்லிய குழாய் ஒன்றை விட்டிருப்பார்கள். மறுமுனையில் கைக்குள் அடங்கும் ரப்பர் பந்து. அதிலுள்ள மருந்து மெதுவாக இறங்கி, வெட்டிய இடத்தை மூன்று நாள் மரத்துப்போக வைக்கும். பந்து சிறிது சிறிதாகச் சுருங்கும். குழாயில் ஒரு கிளிப் உண்டு. அழுத்தினால் மருந்து நின்றுவிடும்.

போன வருடம் ஒரு பெரியவர் பந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சிரித்துப் பேசினார். மூன்றாம் நாள் காலை அவர் நாடியைத் தேடியவள் நான். கிடைக்கவில்லை. உள்ளே குடல் தையல் விட்டிருந்தது. மேல்சதையைத்தான் பந்து மரக்கச் செய்யும், பழி அதன்மேல் இல்லை என்றார் பெரிய டாக்டர். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அன்றுமுதல் வலியில்லாத முகத்தைப் பார்த்தாலே, உள்ளே ஏதோ பிரிந்திருக்கிறது, அது தெரியாமல் போகிறது என்றே எனக்குத் தோன்றியது.

ஆகவே, என் ஷிஃப்ட் தொடங்கியதும் கிளிப்பை மூடிவிடுவேன். முனகல் கேட்கும்வரை காத்திருப்பேன். எங்கே வலி என்று விசாரிப்பேன். வெட்டிய இடத்தில்தான் என்றால் நிம்மதியாகத் திறந்துவிடுவேன். பதினொரு பேர். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து வந்தவர் தையல்கார அக்கா. மூடினேன். அவர் முனகவில்லை.

"வலிக்குதாக்கா?"

"இல்லம்மா."

"எங்க, ஒரு தடவ இருமிக் காட்டுங்க."

"உங்க டாக்டர் போட்ட தையல் ஒரே கோணல். நான் இருமினா பிரிஞ்சிரும். அப்புறம் நானே ஊசி நூல் கேட்க வேண்டியிருக்கும்."

பேச்சு அப்படி. விரல்கள் மட்டும் போர்வை ஓரத்தைப் பிடித்து வெளுத்திருந்தன. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைத்தேன். அடுத்த ஷிஃப்டில் யாரும் திறந்துவிடாதபடி கிளிப்பின்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன்.

மறுநாள் நெஞ்சில் சளி கட்டியது. அதற்கு மறுநாள் காய்ச்சல். வயிறு வலித்தால் ஆழமாக மூச்சிழுக்க முடியாது, இருமவும் முடியாது. படித்திருக்கிறேன். ஆனால் அவர் இன்னும் முனகவில்லையே. நான்காம் நாள் மதியம் மூச்சு நின்றது.

அவர் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "வலிக்குதுன்னு சொன்னா திரும்ப வயித்தக் கிழிப்பாங்கன்னு அம்மாவுக்குப் பயம், சிஸ்டர். ராத்திரி பகலா பல்லைக் கடிச்சிட்டே கிடந்தாங்க. நீங்கதான் வந்து வந்து கேக்கறீங்கன்னு, உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

என்னிடம் மட்டும். அதைக் கேட்டபோது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

பந்தை எடைபோட்டுப் பார்த்தீர்களாம், மருந்து அப்படியே இருந்ததாம். ஆமாம், மூடியது நான்தான். உயிரைக் காப்பாற்றத்தான் மூடினேன். என் இடத்தில் யார் இருந்தாலும் இதையே செய்திருப்பார்கள்.

இதற்கிடையில் என் தங்கைக்கும் அதே வார்டில் அறுவை நடந்தது. அவளும் மூன்று நாள் சிரித்துக்கொண்டேதான் கிடந்தாள். அவளுடைய கிளிப் திறந்திருக்கிறதா என்று மணிக்கொரு முறை போய்ப் பார்த்துக்கொண்டேன்.