புல்லுக்கு ஒரு பேட்டரி

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் மேடம். முப்பது வருஷம் ஏணியில் நின்ற முட்டி. நீங்கள் கேள்வி கேட்பதற்கு முன்பே அது முனக ஆரம்பித்துவிடும்.

பெயர் ஷரஃபுதீன். அடையாறில் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கிறேன். குடியிருப்பது பெசன்ட் நகரில், நந்தகுமார் சார் வீட்டுக்குப் பக்கத்துக் காம்பவுண்டு. என் மனைவி நஸ்ருன்னிசாவும் இருந்தாள், போன வருஷம் மே மாதம் வரை. நுரையீரல் கோளாறு. ஆக்சிஜன் மிஷினும் அவளும் சேர்ந்துதான் மூச்சு விடுவார்கள்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு சார் வீட்டுக்கு ஓடினேன். அவர் வீட்டு இன்வெர்ட்டர் நான் மாட்டியதுதான். ஆக்சிஜன் மிஷினுக்கு ஒரு லைன் கேட்டேன்.

"லோடு தாங்காது பாய், ஏசி ஓடுது. கரண்ட் இப்ப வந்துடும்."

வந்தது. ஆம்புலன்ஸும் வந்தது. இரண்டும் நாற்பது நிமிஷம் தாமதம். மய்யித்து அடக்கத்துக்கு சார் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். எங்களில் மாலை போடுகிற வழக்கமில்லை. ஆசையாக வாங்கி வந்தவர் மனம் கோணக்கூடாதே என்று வாங்கி ஏணியில் மாட்டிவைத்தேன். ஏணிக்குப் பொருத்தமாகவே இருந்தது.

இந்த மார்ச்சில் கூப்பிட்டனுப்பினார். தோட்டத்துப் புல்லுக்குத் தானாகத் தண்ணீர் தெளிக்கிற டைமர் ஒன்று வைத்திருந்தார். கரண்ட் போய் வந்தால் அது மணியை மறந்துவிடும். உச்சி வெயிலில் தெளிக்கும்.

"அதுக்குத் தனியா ஒரு பேட்டரி போட்டுக் கொடுங்க பாய். புல்லு பாவம், வாயில்லா ஜீவன். கரண்ட் இல்லாம தவிக்கக் கூடாது."

போட்டுக் கொடுத்தேன். சின்ன பேட்டரி, அதற்கொரு சார்ஜர், கரண்ட் போன நொடியே பேட்டரிக்கு மாற்றிவிடும் ரிலே. மழை புகாத பெட்டி. சுத்தமான வேலை, மேடம். அந்தப் பெட்டிக்குள் நான் செய்த இன்னொரு வேலையை உங்கள் மின்சார நிபுணர் பிரித்துப் பார்த்து எழுதிவிட்டார். அதில் பிழை எதுவும் இல்லை.

அங்கே தோட்ட வேலை பார்க்கிற வேலம்மாவுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ஊரூர் குப்பத்துப் பெண், மூன்று பிள்ளைகள். பூட்ஸைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா பாய், நான் இன்னா மிலிட்டரியா? இத்த போட்டுக்கினு எப்பிடி நடக்கறது?"

"புல்லுல பாம்பு கீது வேலம்மா. கழட்டாத" என்றேன். பாம்பு என்றதும் போட்டுக்கொண்டாள். தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று அவள் பிள்ளை சொன்னான்.

சார் தினமும் காலை ஆறு மணிக்கு, ஈரப் புல்லில் வெறுங்காலோடு நடப்பார். சர்க்கரைக்கு நல்லதாம். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு டைமர் ஒரு நொடிகூடப் பிசகாமல் தண்ணீரைத் திறந்தது. நான் என் ஜன்னலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் விழுந்ததும் வேலம்மா ஓடிப் போய்த் தூக்கப் பார்த்தாள். பூட்ஸ் போட்டிருந்தாள். அன்றைக்கு எனக்கிருந்த ஒரே கவலை அது.

ஆமாம், நான்தான் கொன்றேன். விபத்து என்று எழுத வேண்டாம். தொழிலில் எனக்கு அவப்பெயர்.

இதே கேள்வியை இரண்டாவது முறை கேட்கிறீர்கள், மேடம். இன்வெர்ட்டர் மெக்கானிக் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லையா என்று. இருந்தது. பேட்டரியை மட்டும், கரண்ட் போன அன்று காலையில் கழற்றி, வடபழனியில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுத்திருந்தேன். ஒரு நாள்தானே. நஸ்ருன்னிசா வேண்டாமென்றாள். கரண்டெல்லாம் போகாது, போனாலும் உடனே வந்துடும் என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனேன்.

அது வேறு விஷயம், மேடம். இந்த வழக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.