பெரிய பிளக்குக்கு இடம் தேடியவர்

மேடையிலிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, வார்டுகளை மற்றவர் பொறுப்பில் விட்டு வந்திருக்கும் செவிலியர்களே, பராமரிப்புப் பிரிவுத் தோழர்களே, முன்வரிசையில் கணவரை இழந்து வாடி உட்கார்ந்திருக்கும் தங்கச்சி, அவர் பெற்ற பெண்மக்களே! அண்ணனோடு ஏணி தூக்கியவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

நம் மின்பிரிவு மேற்பார்வையாளர், நாம் எல்லோரும் 'வேணாம் அண்ணன்' என்று கூப்பிட்டவர், போய்விட்டார்.

ஏன் அந்தப் பெயர்? பதினாறு ஆம்பியர் பெரிய பிளக்கை ஆறு ஆம்பியர் சின்ன சாக்கெட்டில் மாட்டித் தரச் சொல்லி அவரிடம் போகாதவர் இங்கே யார்?

"ஒரு கன்வெர்ட்டர் போட்டுக் குடுங்கண்ணே."

"வேணாம்."

"அஞ்சு நிமிஷந்தாண்ணே!"

"வேணாம்மா. சுவத்துக்குள்ள இருக்கிற வயர் மெலிசு. அது சூடேறினா வெளிய தெரியாது."

எத்தனை ஆண்டுகள், அதே கேள்வி, அதே பதில்! சொல்லிச் சொல்லி அவர் களைத்தார். நாம் களைத்தோமா? மறுநாளும் போய்க் கேட்டோம்.

ஒரு மதியம், பிரசவ வார்டில் குறைமாதக் குழந்தை ஒன்று. வெப்பப் படுக்கை பழுது. கிடங்கிலிருந்து வந்த புதியதற்கோ பெரிய பிளக். வார்டு முழுக்கச் சின்ன சாக்கெட். குழந்தையின் அப்பா அண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"பிளக்க வெட்டிட்டு சின்னதா மாட்டுய்யா! புள்ள சில்லுனு ஆகுது!"

"மாட்டினா வார்டே பத்திக்கும். கைய எடுங்க, வழி இருக்கு."

படுக்கையைத் தள்ளிக்கொண்டு ஓடினார். குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி செவிலியர் பின்னால் ஓடினார். நேரே கண்காணிப்பாளர் அறை!

"என்னய்யா இது?"

"இந்த மாடியில இந்த பிளக்குக்கு ஒரே எடம் உங்க ரூம்தான் சார். ஏ.சி.யக் கழட்டுறேன்."

ஐயா கோப்புகளை அள்ளிக்கொண்டு வெளியே போனார். குழந்தை தேறும்வரை வராந்தாவில் ஸ்டூல் போட்டு, வேர்த்து வழியக் கையெழுத்துப் போட்டார். பிள்ளை பிழைத்தது!

வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த அப்பா வந்தார். "தப்பாப் பேசிட்டேண்ணே."

"அத விடுங்க. வீட்ல ஹீட்டர எதுல மாட்டியிருக்கீங்க?"

சிரியுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதற்குப் பிறகுதான் வார்டு வார்டாகத் தடித்த வயர் இழுக்க ஆரம்பித்தோம். நோயாளிகளை நகர்த்தி, சுவரை உடைத்து, தூசி தின்று, பூசி, அடுத்த வார்டு. அலுத்துப்போனது தோழர்களே! அவருக்கும் அலுத்தது. ஆனாலும் ஏணியைத் தூக்கினார். போன வாரம் குழந்தைகள் வார்டில் அந்த ஏணியடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

இன்று வாசலில் தங்கச்சி என்னை நிறுத்தினார். அழுகிறாரே என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்டது வேறு: "அண்ணே, அந்தப் புள்ளைங்க வார்டு வேலை முடிஞ்சிருச்சா?"

கூட்டம் தொடங்கப் போகிறது என்று உள்ளே வந்துவிட்டேன். எல்லோர் முன்னும் இப்போது சொல்கிறேன். முடியல தங்கச்சி. பாதிச் சுவர் திறந்தே கிடக்கு. நாளைக்குக் காலைல அங்க கரண்ட நிறுத்தி மிச்சத்த இழுக்கப் போறோம்.

தோழர்களே, களைப்பாகத்தான் இருக்கும். வந்துவிடுங்கள்.