கதவுக்கு இந்தப் பக்கம்

மேடையில் அமர்ந்திருக்கும் புதிய நிர்வாக இயக்குநர் அவர்களே, மெக்கானிக்குகள் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் நிறுவனத் தலைவரின் மனைவியான அக்கா அவர்களே, வேலை உடுப்போடு வந்து பின்னால் நிற்கும் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாளர் பிரிவில் இருப்பவள் என்பதால் அழைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். நம் தலைவரை மலை என்றார்கள், கடல் என்றார்கள், ஆலமரம் என்றார்கள். நான்கு உரைகளில் ஆலமரம் சரியாக மூன்றாவது வரியில் வந்தது. அந்த நான்கையும் எழுதியது யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் இருந்திருந்தால் அவரும் அப்படித்தான் எழுதி வாங்கியிருப்பார். ஆகவே மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அவர் மலை அல்ல. கடலும் அல்ல. லிஃப்ட் மெக்கானிக்.

எப்பேர்ப்பட்ட மெக்கானிக்! நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு. ஓர் அலுவலகக் கட்டடத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே ஒரு டைப்பிஸ்ட் அம்மாள் சிக்கிக்கொண்டார். கூச்சல், அழுகை, கதவில் அடி. நம் தலைவர் பையைத் திறக்கவே இல்லை. கதவுக்கு வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, இன்னைக்கு வீட்டுல யாரோட சண்டை?”

உள்ளே அடி நின்றது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“காலையில யாரோடயும் சண்டை போடாம வேலைக்கு வர்றவங்க உண்டா?”

மாமியாரில் தொடங்கிய அம்மாள், நாத்தனாரைத் தாண்டி, கணவரின் சித்தப்பா வரைக்கும் போய்விட்டார். கீழே ஆட்கள் வேலையை முடித்துக் கதவைத் திறந்தால், அவர் சொன்னது இதுதான்: “கொஞ்சம் இருங்க தம்பி, நான் இன்னும் முடிக்கல.”

அன்றைக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர்தான் ‘வாய்ச்சாவி’. முதலில் குரல், பிறகு ஸ்பானர். இதுதான் இந்த நிறுவனத்தின் ஒரே சட்டமாக இருந்தது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் அவர் சொல்வார்: “கத்துறவனுக்கு ஒண்ணும் ஆகாது. ‘அவசரமில்ல, மெதுவா வாங்க’ன்னு சொல்றான் பாரு, அவன்கிட்டதான் முதல்ல ஓடணும்.” இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை. எனக்கும் அவரைத் தவிர யாரும் சொல்லித்தரவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் செயற்கை நுண்ணறிவு வந்தது. அதைப் பழித்துவிட்டு இறங்கிப்போக நான் வரவில்லை. எந்தக் கட்டடத்தில் கயிறு தேய்கிறது, எந்த மோட்டார் அடுத்த மாதம் நிற்கும் என்று அது முன்கூட்டியே சொன்னது. சரியாகச் சொன்னது. பழுதுகள் பாதியாகக் குறைந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குப் பேசவும் வரும் என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

“எனக்கு நாக்கு வறண்டுபோச்சும்மா. இதுக்கு வறளாது,” என்றார். அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைக் கொடுத்தோம். அவர் குரலிலேயே பேச ஆரம்பித்தது. லிஃப்டில் சிக்கியவர் பொத்தானை அழுத்தினால், “பயப்படாதீங்க, நான் இங்கேயேதான் இருக்கேன்” என்று குரல் வரும். எங்கே இருக்கிறார்? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. புகார்கள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கின. அவருக்கு விருது கொடுத்தார்கள். மேடையில் அவர் ஆற்றிய நன்றியுரையிலும் ஓர் ஆலமரம் இருந்தது.

பிறகு விடுப்பு விண்ணப்பங்களை அது பார்த்தது. பிறகு பாராட்டுக் கடிதங்கள். பிறகு இரங்கல் கடிதங்கள். ஒரு மெக்கானிக், இதோ பின்வரிசையில்தான் நிற்கிறார், தந்தையை இழந்து வேலைக்குத் திரும்பிய அன்று தலைவர் அறைக்குப் போனார்.

“அண்ணே, உங்க லெட்டரைப் படிச்சு வீடே அழுதுடுச்சு.”

“எந்த லெட்டரு?”

“அப்பா தவறினதுக்கு…”

“ஐயோ! அப்பா தவறிட்டாரா?”

டீ குடிக்கும் இடத்தில் இதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்தார். “செத்தது எங்கப்பா, அதிர்ச்சி அவருக்கு!” நாம் எல்லோரும் சிரித்தோம். இப்போதும் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

போன ஆண்டு ஒரு முதியவர் லிஃப்டில் சிக்கினார். “நான் நல்லாத்தான் இருக்கேன், அவசரமில்ல” என்றார். இயந்திரம் அதை நம்பியது. வரிசையில் அவரைக் கடைசிக்குத் தள்ளியது. இரண்டு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது நினைவு தப்பிக் கிடந்தார். பிழைத்துக்கொண்டார், புகாரும் தரவில்லை. புகார் இல்லாததால் தலைவரின் பார்வைக்கு அது போகவே இல்லை.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

நேற்று அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். அவர் கணவர் கடைசியாக அனுப்பிய மெசேஜ் அவரே எழுதியதா, இல்லையா? பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. தனியாகச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். “எனக்கு மட்டும் சொன்னா, வீட்டுக்குப் போறதுக்குள்ள நான் அதை எனக்குத் தோதா மாத்திக்குவேன். எல்லார் முன்னாடியும் சொல்லு.”

சொல்கிறேன், அக்கா.

ஒரு வருடம் நான்கு மாதமாக உங்களுக்கு வந்த ‘சாப்டியா’, ‘மாத்திரை போட்டுட்டேன்’, உங்கள் பிறந்தநாளுக்கு வந்த அந்த நீளமான வாழ்த்து, எதுவும் அவர் எழுதியதல்ல. வீட்டுக்குப் போகும் எந்த மெசேஜிலும் கவலை தரும் சொல் இருக்கக் கூடாது, இருந்தால் மாற்றிவிட வேண்டும் என்று ஒரு விதி போடச் சொன்னார். “அவ சும்மா பயப்படுவாம்மா,” என்றார். அந்த விதியைத் தட்டச்சு செய்தது நான்.

அவர் இறந்த அன்று பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு, ஒரு வருடம் நான்கு மாதத்தில் முதல் முறையாக, அவர் தன் கையால் உங்களுக்கு எழுதினார். “நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. வா.” இவ்வளவுதான். அது உங்களுக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தது இது: “கொஞ்சம் அசதிதான். அவசரமில்லை. சாயங்காலம் பேசுவோம்.”

நீங்கள் ‘சரி’ என்று அனுப்பினீர்கள். வேறு என்ன அனுப்புவீர்கள்?

நான் அவர் அறையைத் தாண்டி இரண்டு முறை நடந்தேன். கதவு சாத்தியிருந்தது. வெளித் திரையில் ‘தலைவர் பணியில் இருக்கிறார்’ என்று இருந்தது. பணியில்தான் இருந்தார்! இறந்த பிறகு பதினொரு விடுப்புகளுக்கு ஒப்புதல் தந்தார், இரண்டை மறுத்தார். மூன்று மணிக்கு ஒரு பெண் லிஃப்டில் சிக்கிக்கொண்டாள். “பயப்படாதீங்க, நான் இங்கேயேதான் இருக்கேன்” என்று அவளைத் தேற்றினார். மருத்துவர் கணக்குப்படி, அப்போது அவர் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஐந்து இருபதுக்குத் தரை துடைக்கும் அம்மாள் கதவைத் தட்டினார். பதில் வரவில்லை என்றதும் திறந்தார். இந்தக் கட்டடத்தில் அன்று கதவைத் தட்டிய ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு மேடையில் நாற்காலி போடவில்லை.

புதிய நிர்வாக இயக்குநர் அவர்களே, உங்கள் அண்ணனின் குரல் தொடர்ந்து ஒலிக்கும் என்று நான் இங்கே உறுதி சொல்ல வேண்டும் என்றீர்கள். “அண்ணன் எங்கயும் போகல, ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளயும் இருக்கார்” என்றீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நீங்களே எழுதியதா என்று நான் கேட்கவில்லை.

அந்தக் குரலுக்கு அடக்கத்துக்குப் பிறகு ஒரே எண்ணிலிருந்து ஒன்பது அழைப்புகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் “நான் இங்கேயேதான் இருக்கேன்” என்று பதில் போயிருக்கிறது. அது ஒரு வீட்டு எண். அந்த வீட்டில் லிஃப்ட் கிடையாது. மாடியே கிடையாது.

இன்று காலை அந்தக் குரலை நிறுத்திவிட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வேலையை விட்டு நீக்குவதென்றால், ஐயா, கடிதம் வேண்டாம். என் மேஜைக்கு வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவே உங்கள் முதல் பயிற்சியாக இருக்கட்டும். இயந்திரத்தைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. கயிறு தேய்வதை அது பார்க்கட்டும். எங்கள் முகம் தேய்வதை நீங்கள் பாருங்கள்.

இனி நம் லிஃப்ட் உதவி எண்ணுக்கு யார் அழைத்தாலும் மனிதர்கள்தான் எடுப்போம். இந்த வாரம் நான் எடுக்கிறேன். எனக்குப் பேச வராது. யாரோடு சண்டை என்று கேட்கத் தெரியும். லிஃப்டே இல்லாத வீட்டிலிருந்து வந்தாலும் கேட்பேன். இதுதான் என் உறுதிமொழி. இதைவிடப் பெரிதாக ஒன்றும் என்னிடம் இல்லை.

அடுத்து இரண்டு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். நமக்கு அதில் சிரமம் இருக்காது. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான்கு மணி நேரம் நாற்பது நிமிடம் மௌனமாக இருந்தவர்கள் நாம்.

எழுந்து நில்லுங்கள்.