பெஞ்சில் உட்கார வைத்தவர்கள்

நீங்கள் கொடுத்த டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது ஐயா. அக்காவின் சாவைப் பற்றித்தானே கேட்டீர்கள்? ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் என் வேலை என்னவென்று தெரிந்தால்தான் உங்களுக்கு விஷயம் விளங்கும்.

இருபத்தாறு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் பதிவேட்டு எழுத்தராக இருந்தவன் நான். நோயாளி குணமாகிப் போனால் ஒரு வரி எழுதினால் போதும். செத்துப்போனால் பதினோரு பக்கப் படிவம், மூன்று நகல். அதோடும் விடமாட்டார்கள். 'மேற்படி நபர் தமது மரணத்தை முன்கூட்டியே தெரிவிக்காத காரணம் என்ன?' என்று தலைமையகத்திலிருந்து ஒருமுறை கடிதம் வந்தது. நான் யாரைப் போய்க் கேட்பேன்?

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். டாக்டர் உதட்டைப் பிதுக்கினால் உடனே 'குணமடைந்து வீடு திரும்பினார்' என்று எழுதிவிடுவேன். எழுதின பிறகும் ஆள் கட்டிலில் கிடந்தால் பதிவேடு பொய்யாகிவிடும். பொய்க்கும் எனக்கும் ஆகாது. ஆகவே சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய் வெளிவாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவோம். நாற்காலி அரசுச் சொத்து, திரும்ப எடுத்து வந்துவிடுவோம்.

"சார், இந்த ஆளுக்கு மூச்சு இழுக்குது," என்றாள் வார்டு ஆயா ஒருநாள்.

"வெளிக்காத்து பட்டா சரியாப்போயிடும்மா," என்றேன். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் சாவே இல்லை என்று கேடயம் கொடுத்தார்கள். மாவட்டத்தின் மற்ற ஆறு அரசு ஆஸ்பத்திரிகளில் ஆட்கள் பழைய வழக்கப்படியே செத்துக்கொண்டிருந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாக இழுத்து மூடிவிட்டு, எல்லாரையும் எங்கள் தலையில் கட்டினார்கள். கூட்டம் தாங்கவில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கும்வரை காத்திருக்க எனக்கு ஏது நேரம்? முகத்தைப் பார்த்து நானே முடிவு பண்ணினேன். பெஞ்சுக்குப் போனவர்களில் இரண்டு மூன்று பேர் பிழைத்தும்விட்டார்கள். அது அவர்கள் சாமர்த்தியம்.

மிச்சமிருந்த எங்கள் ஆஸ்பத்திரியையும் மூடலாமா என்று பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் அத்தான் அக்காவை நுரையீரல் சளியோடு கொண்டுவந்து சேர்த்தார். அம்மா போனபின் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. அவள் என்றால் எனக்கு உயிர். நாலு நாள் ஆக்ஸிஜன் வைத்தால் எழுந்துவிடுவாள் என்றார் டாக்டர். அவர் சொன்னது நாலு நாள். குழு வருவது மறுநாள் காலை பத்து மணிக்கு.

ஒன்பதரைக்கு நாற்காலியைத் தள்ளினேன்.

"எங்கடா கூட்டிட்டுப் போறே?"

"உனக்குக் குணமாயிடுச்சுக்கா."

"எனக்குத் தெரியலையேடா," என்றாள் மூச்சு வாங்க. அப்புறம், "சரி, நீ படிச்சவன். சரியாத்தான் சொல்லுவே," என்று பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

குழுத் தலைவர் பதிவேட்டைப் புரட்டி நெகிழ்ந்துபோனார். "எல்லாருக்கும் இவ்வளவு சீக்கிரம் குணமாகிற ஊருக்கு ஆஸ்பத்திரி எதுக்குப்பா?" என்றார். பன்னிரண்டு மணி முதல் மூடச் சொல்லி அங்கேயே ஆணை எழுதினார். நான் செய்த வேலையை யாரும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை ஐயா.

பன்னிரண்டு அடிக்கும்போது கேட்டைப் பூட்டினேன். வெளியே அத்தான் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

"திறடா பாவி, அவ முகமெல்லாம் நீலம் பூக்குது. உள்ள தூக்கிட்டுப் போகணும்."

ஆக்ஸிஜன் உருளை வராந்தாவிலேயே இருந்தது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. நான் கொடுக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தேம்பித் தேம்பி அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கொன்றுவிட்டேன் என்று அத்தான் புகார் கொடுத்திருக்கிறாராம். துக்கத்தில் சொல்கிறார், எனக்கு வருத்தமில்லை. அக்காவின் உயிர் போனது பன்னிரண்டு பத்துக்கு. பன்னிரண்டுக்கு மேல் அங்கே ஆஸ்பத்திரியே கிடையாதே ஐயா, அவளை நான் எதில் சேர்ப்பது?